தொண்டி மீனும் ஃபுகுஷிமா தண்ணீரும்

ஆச்சி பதில்கள்

போன இதழில், ஜப்பான்காரர்கள் ஃபுகுஷிமா அணு உலைத் தண்ணீரைக் கடலில் விடுவது பற்றி ஒரு வாசகி கேட்டதற்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். "அந்த மீனவர்கள் பக்கம்தான் நான்" என்று முடித்திருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசை மேல் குவிந்து கிடக்கின்றன. பாதிப் பேர் விளக்கம் கேட்கிறார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். சரி, இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே.

*

ஆச்சி, சர்வதேச அணுசக்தி முகமையே பாதிப்பு இல்லை என்று சொல்லிவிட்டது. அப்புறமும் ஃபுகுஷிமா மீனவர்கள் எதிர்ப்பது பயமா, பிடிவாதமா?
— வாசகி, கானாடுகாத்தான்

தேவகோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தது. நாகப்பட்டினம் பக்கம் ஆயிரக்கணக்கில் செத்துப் போனார்கள். நம் பக்கத்துப் பாக் விரிகுடாவில் அந்த மாதிரி அழிவு இல்லை, இலங்கை குறுக்கே கிடந்து அலையைத் தாங்கிக்கொண்டது. தொண்டியில் படகு இருந்தது, வலை இருந்தது, மீனும் இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. கடல் மீன் பிணம் தின்றிருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பி ஒரே வாரத்தில் ஊர் ஊராகப் பரவிவிட்டது. எங்கள் தெருவில் எல்லோரும் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். நானும்தான்.

தொண்டியிலிருந்து காலை பஸ்ஸில் வரும் மீன்காரம்மா எனக்கு அப்போதே பதினைந்து வருடப் பழக்கம். தை பிறந்து பத்து நாள் இருக்கும். அன்னக்கூடையைத் திண்ணையில் இறக்கி வைத்து, "பதினோரு வீடு ஏறி இறங்கிட்டேன் ஆச்சி. ஒரு மீன் போகலை" என்றார். வேண்டாம் என்றேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பவள், வேண்டாம் என்றேன். அந்தம்மா ஒன்றும் பேசவில்லை. கூடையிலிருந்து ஒரு விளைமீனை எடுத்தார். அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, வயிற்றைக் கீறி, குடலை உருவி உள்ளங்கையில் வைத்து விரலால் விரித்துக் காட்டினார். பொடி இறால் ஓடு, நண்டுக்கால் ஒன்று, கொஞ்சம் பாசி. "பாருங்க ஆச்சி. இது தின்னது இம்புட்டுத்தான்."

அன்றைக்கு இரண்டு கிலோ வாங்கினேன். மற்ற பதினோரு வீட்டுக்கும் யார் போய்க் காட்டுவது? ஒரு மனுஷி எத்தனை மீனின் வயிற்றைக் கீறிக் காட்ட முடியும்?

ஃபுகுஷிமா மீனவர்களை நினைக்கும்போதெல்லாம் அந்த உள்ளங்கைதான் என் கண் முன்னால் வருகிறது.

அவர்கள் பட்டதைக் கேளுங்கள். 2011 மார்ச் 11-ஆம் தேதி பூகம்பமும் சுனாமியும் வந்து, ஃபுகுஷிமா டாய்ச்சி அணு மின் நிலையத்தில் மூன்று உலைகள் உருகின. அந்தக் கடற்கரை மீனுக்குத் தோக்கியோ சந்தையில் தனி மவுசு. 'ஜோபான் மோனோ' என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்குவார்களாம், நாம் தொண்டி நண்டு என்று கேட்கிற மாதிரி. அந்தப் பேர் ஒரே நாளில் போயிற்று. மீன்பிடியே நின்றது. 2012 ஜூனில் சோதனை மீன்பிடிப்பு என்று ஆரம்பித்தார்கள். இந்த இந்த வகை மட்டும், இத்தனை நாள் மட்டும், பிடித்ததில் மாதிரி எடுத்துக் கதிர்வீச்சு அளந்து பார்த்து, அப்புறம்தான் சந்தைக்கு. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, 2021 மார்ச் 31 வரை அப்படியே ஓட்டினார்கள். ஏறக்குறைய ஒன்பது வருடம். ஒன்பது வருடமும் அவர்கள் செய்தது எங்கள் மீன்காரம்மா செய்ததுதான்: வயிற்றைக் கீறிக் கீறிக் காட்டியது.

ஏப்ரலிலிருந்து மெல்ல மெல்லப் பழைய அளவுக்குப் போகலாம் என்று இருந்தவர்களுக்கு, ஏப்ரல் 13-ஆம் தேதி அரசாங்கம் அறிவித்தது: தொட்டிகளில் சேர்த்து வைத்திருக்கும் தண்ணீரைக் கடலில் விடப் போகிறோம். இடையில் பதின்மூன்றே நாள்.

அந்தத் தண்ணீர் என்ன தண்ணீர் என்பதையும் சொல்ல வேண்டும். உருகிப்போன எரிபொருள் சூடாகாமல் இருக்க இன்றைக்கும் அதன் மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு நிலத்தடி நீரும் மழை நீரும் உடைந்த கட்டடத்துக்குள் இறங்கிச் சேர்ந்துகொள்கின்றன. எல்லாவற்றையும் இறைத்து, வடிகட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் நிரப்பினார்கள். சுமார் 13 லட்சம் டன். 2023 ஜூலை 4-ஆம் தேதி சர்வதேச அணுசக்தி முகமை, திட்டம் உலகப் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டது, மக்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் பாதிப்பு மிக மிக அற்பம் என்று அறிக்கை கொடுத்தது. ஆகஸ்ட் 24-ஆம் தேதி குழாயைத் திறந்தார்கள். கடலுக்கு அடியில் ஒரு கிலோமீட்டர் சுரங்கம் போட்டு அதன் வழியாக விடுகிறார்கள். முதல் தவணை 7,800 டன், பதினேழு நாளில்.

அதே ஆகஸ்ட் 24-ஆம் தேதி சீனா ஜப்பானிய மீன், நண்டு, சிப்பி எல்லாவற்றையும் வாங்க மாட்டேன் என்று தடை போட்டது. பெரிய அடி யாருக்கு விழுந்தது தெரியுமா? வடக்கே எத்தனையோ தூரத்தில் இருக்கிற ஹொக்கைடோ தீவில் சிப்பி வளர்ப்பவர்களுக்கு. அதுவரை அவர்களுடைய பெரிய வாடிக்கையே சீனாதான். அவர்கள் கடலில் யாரும் குழாய் வைக்கவில்லை. தொண்டிக்கும்தான் அலை வரவில்லை.

ஆக, அம்மா, அந்த மீனவர்களைப் பார்த்து "அளவு குறைவு, பயப்படாதே" என்பது அவர்கள் கேட்காத கேள்விக்குப் பதில். அவர்கள் கேட்பது வேறு: ஒன்பது வருடம் காட்டிக் காட்டிச் சேர்த்த பேரை எங்களைக் கேட்காமல் எப்படிச் செலவழித்தாய்?

*

டீச்சர், இத்தனை முன்னேறிய நாடு, தண்ணீரில் இருக்கும் டிரிட்டியத்தை வடிகட்ட முடியாதா? அது அவ்வளவு ஆபத்தா?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

நல்ல கேள்வி தம்பி. தண்ணீரில் கரைந்திருக்கும் பொருளை வடிகட்டலாம். டிரிட்டியம் கரைந்திருக்கவில்லை, அதுவே தண்ணீராக இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரு புரோட்டான் மட்டும்தானே. அதோடு இரண்டு நியூட்ரான் சேர்ந்தால் டிரிட்டியம். அதுவும் ஹைட்ரஜன்தான், ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகவே ஆகிவிடும். கண்டாங்கிச் சேலையில் குழம்பு சிந்தினால் துவைத்து எடுத்துவிடலாம். ஊடையிலேயே ஒரு இழை வேறு சாய நூலாக ஓடியிருந்தால் எத்தனை துவைத்தால் போகும்? பிரித்தெடுக்கும் முறைகள் உண்டு. ஆனால் இத்தனை லட்சம் டன்னில், இத்தனை துளி அளவில் இருப்பதை எடுக்கும் அளவுக்கு இல்லை என்று ஜப்பான் அரசின் நிபுணர் குழு ஒதுக்கிவிட்டது.

ஆபத்தைக் கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன். கதிர்வீச்சுப் பொருட்களில் டிரிட்டியம் சாதுவான பிள்ளை. அது விடும் பீட்டாக் கதிர் நம் தோலைக்கூடத் தாண்டாது. உள்ளே போனால்தான் கணக்கு, போனதிலும் பெரும்பகுதி தண்ணீரோடு தண்ணீராகப் பத்து நாளைக்குப் பாதி என்று வெளியேறிவிடும். அதன் அரை ஆயுள், அதாவது தானாகவே பாதியாகத் தேய்ந்துபோக எடுக்கும் காலம், 12.3 வருடம். கடலில் விடும் முன் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு அது) கீழே வருமாறு கடல்நீர் கலக்கிறார்கள். குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு 10,000. ஒரு வருடத்துக்கு 22 லட்சம் கோடி பெக்கரலுக்கு மேல் விடக்கூடாது என்று உச்ச வரம்பு. லட்சம் கோடி என்றதும் மலைக்காதே. அந்த வருட டிரிட்டியம் முழுவதையும் தனியாகப் பிரித்துத் தராசில் வைத்தால், ஒரு குந்துமணி எடையில் பாதிதான் வரும். கணக்குப் போட்டுப் பார், 1 கிராம் டிரிட்டியம் சுமார் 357 லட்சம் கோடி பெக்கரல்.

எனக்கு உறுத்துவது டிரிட்டியம் இல்லை, அதன் கூட்டாளிகள். சீசியம் சதையில் போய்ச் சேரும். ஸ்ட்ரான்சியம் எலும்பில் சுண்ணாம்புக்குப் பதிலாக உட்காரும். 'ஆல்ப்ஸ்' என்ற வடிகட்டி அமைப்பு 62 வகைப் பொருட்களைப் பிடித்துவிடும், டிரிட்டியம் மட்டும்தான் மிச்சம் என்று சொல்லிவந்தார்கள். 2018-ல் பார்த்தால், தொட்டியில் இருந்த தண்ணீரில் பெரும்பகுதியில் மற்ற பொருட்களும் வரம்பைத் தாண்டி இருந்தன. நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. மறுபடி வடிகட்டி, வரம்புக்குக் கீழே வந்த பிறகுதான் விடுவோம் என்கிறார்கள். சரி, செய்யட்டும், செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அது தானாக முன்வந்து சொன்ன சேதி இல்லை, கேட்டுக் கேட்டு வெளியே வந்த சேதி. பரிசோதனைக் கூடத்தில் ஒரு மாணவன் ஒரு முறை அளவீட்டை மாற்றி எழுதிவிட்டால், அப்புறம் அவன் நோட்டில் சரியாக எழுதிய எண்ணையும் நான் இரண்டு தடவை பார்ப்பேன். முப்பத்திரண்டு வருட வழக்கம்.

*

மீனவர்களுக்கு நஷ்ட ஈடாக நிதி ஒதுக்கிவிட்டார்கள் என்று படித்தேன். பணமும் வாங்கிக்கொண்டு எதிர்ப்பதில் என்ன நியாயம்?
— வங்கியில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர், கோட்டையூர்

ஒதுக்கியது உண்மை. பேர் கெட்டு விற்பனை குறைந்தால் ஈடுகட்ட 3,000 கோடி யென், தொழில் தொடர்ந்து நடக்க 5,000 கோடி யென். ஆனால் அண்ணே, நீங்கள் வங்கிக்காரர், உங்களுக்கு நான் ஒரு கடிதத்தைக் காட்டுகிறேன்.

2015-ல் டெப்கோவுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. உலைக் கட்டடங்களைச் சுற்றியுள்ள கிணறுகளில் ஊறும் நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்து கடலில் விட மீனவர் சங்கத்தின் சம்மதம் வேண்டும். மீனவர்கள் ரொம்பத் தயங்கினார்கள். கடைசியில் அந்த ஆகஸ்டில் ஒத்துக்கொண்டார்கள், நிபந்தனை வைத்து. தொட்டியில் இருக்கும் தண்ணீரை மட்டும் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதப் புரிதல் இல்லாமல் எந்த வகையிலும் வெளியேற்ற மாட்டோம் என்று ஃபுகுஷிமா மாகாண மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு டெப்கோ எழுத்து மூலம் பதில் கொடுத்தது.

பார்த்தீர்களா, சும்மா கொடுத்த வாக்கு இல்லை. ஒரு கையால் ஒன்றை வாங்கிக்கொண்டு மறு கையால் எழுதிக் கொடுத்தது. அதற்கு நம் ஊரில் என்ன பேர்?

எங்கள் ஐயா பர்மாவில் பியாப்போனில் லேவாதேவி செய்தவர். சண்டை வந்து 1942-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். கையில் கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டி. உள்ளே கடன் சீட்டுகள். ஒன்றுகூட வசூலாகாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வருடா வருடம் சரஸ்வதி பூஜைக்கு அந்தப் பெட்டியைத் திறந்து, சீட்டுகளை வளவில் வெயிலில் காய வைத்து, பூச்சி அரிக்காமல் வசம்புத் துண்டு போட்டு மறுபடி கட்டி வைப்பார். "கடன் போகட்டும்டி. எழுதிக் குடுத்தவன் கையெழுத்து இருக்குல்ல, அதை எப்படிக் குப்பையில போடுறது" என்பார். பெட்டி இன்னும் இரண்டாங்கட்டில்தான் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 21-ஆம் தேதி, குழாய் திறப்பதற்கு மூன்று நாள் முன்னால், அப்போதைய ஜப்பான் பிரதமர் கிஷிடா தேசிய மீனவர் கூட்டமைப்பின் தலைவரைக் கூப்பிட்டுப் பேசினார். எங்கள் எதிர்ப்பு கொஞ்சமும் மாறவில்லை என்றுதான் அந்தத் தலைவர் சொல்லிவிட்டு வந்தார். மறுநாளே தேதி குறித்தாகிவிட்டது. அடுத்த மாதம் மீனவர்களும் ஊர்க்காரர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஃபுகுஷிமா மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள்.

சீட்டை மதிக்காதவன் கொடுக்கும் பணத்துக்கு நஷ்ட ஈடு என்று பேர் சொல்லலாம். சம்மதத்தின் விலை என்று சொல்ல முடியாது. கடன்காரன் வட்டியை மட்டும் நீட்டிவிட்டு அடமானச் சொத்தை வைத்துக்கொண்டால் நீங்கள் ரசீது போடுவீர்களா?

*

பிரான்சின் லா ஹேக் ஆலை இதைவிடப் பல நூறு மடங்கு டிரிட்டியத்தைக் கடலில் விடுகிறது. நம் கல்பாக்கமும்தான் விடுகிறது. வேதியியல் ஆசிரியையாக இருந்துகொண்டு நீங்கள் போராட்டத்துக்குக் கொடி பிடிப்பது அறிவியலுக்குச் செய்யும் துரோகம்.
— ஓய்வுபெற்ற பொறியாளர், பள்ளத்தூர்

உங்கள் எண் சரி. லா ஹேக், உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலை, விடுவது பல நூறு மடங்குதான். கல்பாக்கம் அணு மின் நிலையத்தில் இருப்பவை கனநீர் (கனமான ஹைட்ரஜன் சேர்ந்த தண்ணீர்) உலைகள், அந்த வகையில் டிரிட்டியம் கூடுதலாகவே உண்டாகும், அதுவும் சரி. கல்பாக்கம் மாதிரி ஒழுங்காக ஓடும் உலையின் தண்ணீர் உருகிய எரிபொருளைத் தொட்டு வந்ததில்லை என்ற ஒரு வித்தியாசத்தை மட்டும் நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

ஆனால் 'துரோகம்' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். உங்கள் ஊரிலும் ஊருணி இருக்கிறது, எங்கள் ஊரிலும் இருக்கிறது. குடிதண்ணீர் ஊருணி வேறு, குளிக்கிற ஊருணி வேறு. குடிதண்ணீர் ஊருணிப் படியில் செருப்போடு இறங்கினால் எட்டு வயதுப் பிள்ளைகூட அதட்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வண்டிக்காரர் ஒருவர் தெரியாமல் மாட்டை இறக்கிவிட்டார். ஊரே கூடிவிட்டது. ஒரு மாட்டுக் குளம்பில் ஒட்டிய சேறு அவ்வளவு பெரிய ஊருணியை என்ன செய்துவிடும்? ஒன்றும் செய்யாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மறுநாள் இன்னொருவர் இறக்குவார், அதற்கு மறுநாள் நாலு பேர் என்பதும் தெரியும். அதனால்தான் கூடினார்கள். நீர்க்கச் செய்தால் வரம்புக்குக் கீழே வந்துவிடும் என்பது வேதியியல். யாரைக் கேட்டு இறக்கினாய் என்பது ஊர் வழக்கம். இரண்டும் ஒரே படியில்தான் நிற்கின்றன, ஒன்று இன்னொன்றின் இடத்தைப் பிடிக்க முடியாது.

அறிவியல் என்றால் எனக்கு அளப்பது, அதுவும் எல்லோர் முன்னாலும் அளப்பது. ஃபுகுஷிமா மாகாணத்தில் இவாக்கி என்ற ஊரில் 2011-லேயே தாய்மார்கள் சேர்ந்து 'தாராச்சினே' என்று ஒரு பரிசோதனைக் கூடம் தொடங்கினார்கள். விஞ்ஞானிகள் இல்லை, பிள்ளை வளர்ப்பவர்கள். கருவியைப் பழகிக்கொண்டு, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் அரிசி, காய்கறி, மீன், வீட்டு மண் எல்லாவற்றையும் அளந்து கொடுத்தார்கள். ஸ்ட்ரான்சியம், டிரிட்டியம்கூட அளக்கிறார்கள். படகில் போய் நிலையத்துக்கு எதிரே கடல்நீர் மொண்டு வருகிறார்கள். பெரிய ஆய்வகங்களே தொட யோசிக்கும் அளவீடு அது. சோதனைக் குழாயையே வாழ்நாளில் தொட்டிராத பெண்கள் அதைச் செய்கிறார்கள் என்று படித்த அன்றைக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதுவும் அந்த எதிர்ப்பின் ஒரு பகுதிதான் ஐயா. இதில் எங்கே இருக்கிறது துரோகம்?

கேட்டால் நடக்காது என்பதும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்கிரிம் அணு மின் நிலையம் 2019-ல் மூடப்பட்டது. அங்கே மிஞ்சிய சுமார் 41 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கேப் காட் விரிகுடாவில் விட, நிலையத்தைப் பிரித்தெடுக்கும் ஹோல்டெக் நிறுவனம் அனுமதி கேட்டது. சிப்பி வளர்ப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், விடுதி நடத்துபவர்கள் என்று கரையில் பிழைக்கிற எல்லோரும் எழுந்தார்கள். அந்தக் கடல் மாநிலச் சட்டப்படி சரணாலயம், தொழிற்சாலைக் கழிவு அதில் கூடாது என்று 2024 ஜூலையில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை அனுமதி மறுத்தது. அந்த அதிகாரிகளும் அறிவியல் படித்தவர்கள்தான்.

*

ஜப்பானைப் பற்றி இத்தனை பேசுகிறீர்களே ஆச்சி, இடிந்தகரை சனங்கள் கத்தினபோது நம்ம பக்கம் யார் பேசினது?
— படகுக்காரர், கோட்டைப்பட்டினம்

நீங்கள் கேட்டது நெஞ்சில் குத்துகிறது. உண்மைதான். 2011-ல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் சனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது, நான் டி.வி.யில் பார்த்தேன், உச்சுக்கொட்டினேன், எழுந்து போய் உலை வைத்தேன். பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு நாள் கூலியை விட முடியாதே. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூடங்குளத்தில் முதலில் கட்டியவை 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு. உலையைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுத்து, சூடான தண்ணீரைத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். கடலின் வெப்பத்தைவிட 7 டிகிரிக்கு மேல் கூடக்கூடாது என்று வரம்பு. மீன் கரை ஒதுங்கும் இடம் மாறிவிடும், முட்டையும் குஞ்சும் குழாயோடு போய்விடும் என்பது அங்குள்ள மீனவர்களின் முதல் கவலை. கதிர்வீச்சு அடுத்த கவலை. 2012 செப்டம்பர் 10-ஆம் தேதி நிலையத்தை நோக்கிப் போனவர்கள் மேல் தடியடி, கண்ணீர்ப்புகை. அன்றைக்கே மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் செத்தார். மூன்று நாள் கழித்துச் சனங்கள் கடலுக்குள் இறங்கிக் கைகோத்து நின்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. 2013 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உலையை ஓட்ட அனுமதித்தது. அதே தீர்ப்பில் சனங்கள் மேல் போட்ட வழக்குகளை வாபஸ் வாங்க முயற்சி செய்யவும் சொன்னது.

இதில் முக்கியமான ஒன்று பலருக்கும் தெரியாது. அந்த முதல் இரண்டு உலைகளுக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கவே இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி 1989-லேயே கொடுத்தாகிவிட்டது. கருத்துக் கேட்பு கட்டாயம் என்று விதி வந்தது 1997-ல். அதனால் சட்டப்படி தப்பில்லை. ஊருணிப் படியில் நின்று பார்த்தால்? நீங்களே சொல்லுங்கள்.

இன்றைக்கும் உலையை நடத்துவது அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிற நிறுவனம். சுற்றுப்புறத்தில் மண், தண்ணீர், மீன் எடுத்து அளப்பது அதே துறையின் பாபா அணு ஆராய்ச்சி மைய ஆய்வகம். அவர்கள் பொய்யாக அளக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களில் என் மாணவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், தங்கமான பிள்ளைகள். ஆனால் தராசும் அவர்களுடையது, சரக்கும் அவர்களுடையது என்றால் வாங்க வருபவர் எட்டிப் பார்க்கத்தான் செய்வார். அந்த எண்கள் தமிழில், மீன் ஏலம் போடும் இடத்தில் ஒரு பலகையில், வாராவாரம் எழுதி ஒட்டப்பட வேண்டும். எந்த மீன், எந்த நாள், எந்த இடம், எவ்வளவு. பக்கத்தில் வெளி ஆய்வகம் ஒன்று அளந்த எண்ணும். அவர்கள் அளந்த எண்களைக் கேட்கக் கொடி வேண்டாம், உண்ணாவிரதம் வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு பக்க மனு போதும். எழுதத் தெரியவில்லை என்றால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள், நான் எழுதித் தருகிறேன். கோட்டைப்பட்டினத்துக்கும் எழுதுவேன், ஜெகதாப்பட்டினத்துக்கும் எழுதுவேன், இடிந்தகரைக்கும் எழுதுவேன். பல வருடம் பிந்திவிட்டது. இப்போதாவது எழுதுகிறேன்.

*

எல்லாம் சரி ஆச்சி, இப்போது மீன் சாப்பிடலாமா வேண்டாமா? வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள்.
— வாசகி, தேவகோட்டை

தாராளமாகச் சாப்பிடலாம். ஜப்பான் தண்ணீரை நினைத்து நம் கடல் மீனை ஒதுக்க வேண்டாம், பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லதும்கூட. சுறா மாதிரி மற்ற மீனைத் தின்னும் பெரிய மீன்களை மட்டும் தள்ளி வையுங்கள், அவற்றில் பாதரசம் சேரும், அது வேறு கதை. நெத்திலி, காரல், சாளை எல்லாம் கொடுங்கள். வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும்.

நம் மீன்காரம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. இப்போது மகள்தான் ஸ்கூட்டியில் கூடையைக் கட்டிக்கொண்டு வருகிறாள். செவ்வாயும் சனியும் ஒன்பது மணிக்குள் எங்கள் தெருவுக்கு வந்துவிடுவாள். உங்கள் தெருவுக்கும் வரச் சொல்லட்டுமா? கதவு எண்ணை எழுதுங்கள்.